கோப்பை வருவதற்கு முந்தைய பதின்மூன்று வருடம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஒரு கூடைப்பந்து அணியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம், அதில் நாக்ஸ்வில் என்கிற ஊர், அந்த ஊரில் இருக்கிற டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி. லேடி வால்ஸ் என்று கூப்பிடுவார்கள். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் கூடைப்பந்து ஆடியவள், அப்புறம் பல வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த அணியின் கதையைச் சொல்லாமல் நான் எந்த வருடமும் பயிற்சியை ஆரம்பித்ததில்லை.

இந்த அணியைப் பற்றி யார் பேசினாலும் எட்டு தேசியக் கோப்பை என்றுதான் ஆரம்பிப்பார்கள். எட்டு உண்மைதான். ஆனால் முதல் கோப்பை வந்தது 1987-ல். கதை ஆரம்பிப்பது 1974-ல். நடுவில் இருக்கிற அந்தப் பதின்மூன்று வருடத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் கதை.

பேட் சம்மிட் என்று ஒரு பெண். அப்போது கல்யாணம் ஆகவில்லை, பேட் ஹெட் என்று பெயர். பால் பண்ணைக் குடும்பம். மாடு கறப்பது, வைக்கோல் அள்ளுவது எல்லாம் சின்ன வயதிலிருந்தே வேலை. மூன்று அண்ணன்கள். வைக்கோல் போடுகிற பரண் மேலே ஒரு வளையத்தை மாட்டிவைத்து, ராத்திரி வேலை முடிந்ததும் நான்கு பேரும் அங்கேதான் விளையாட்டு. தங்கச்சி என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்றதும், அவருடைய அப்பா குடும்பத்தையே பக்கத்து ஊருக்கு மாற்றினார். மகள் பந்து விளையாட வேண்டும் என்பதற்காக வீடு மாறிய அப்பா! நான் இதை எத்தனை பெற்றோர்களிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

1974-ல் உதவிப் பயிற்சியாளராக, கூடவே முதுகலை படிக்கலாம் என்று நாக்ஸ்வில் வருகிறார். வந்த பிறகு பார்த்தால், தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போய்விட்டார், அணி உன்னுடையது என்று சொல்லிவிட்டார்கள். வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஒரே ஒரு வயது சின்னவர்கள். சம்பளம் மாதம் 250 டாலர். அந்தச் சம்பளத்துக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்ட வேண்டும், திரும்பி வந்ததும் எல்லோருடைய சீருடையையும் துவைத்துப் போட வேண்டும். சீருடையும் பல்கலைக்கழகம் வாங்கிக்கொடுத்தது இல்லை. முந்தின வருடம் டோனட் விற்று, அந்தக் காசில் எடுத்தது.

வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் உங்களுக்குத் தெரியும், ஆட்டம் முடிந்த சட்டை எப்படி இருக்கும் என்று. வேர்வை ஊறி, காலர் எல்லாம் அழுக்கேறி, பைக்குள்ளே சுருண்டு கிடக்கும், திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அப்படி ஒரு அணிக்கே இருக்கிற சட்டைகளைப் பயிற்சியாளரே துவைக்கிறார். துவைத்துவிட்டு, அடுத்த நாள் வகுப்புக்குப் போகிறார், ஏனென்றால் அவரும் மாணவி. அதுவும் போதாது என்று, முழங்காலில் தசைநார் அறுந்து அடிபட்ட காலைச் சரிசெய்துகொண்டு 1976 ஒலிம்பிக்குக்காகத் தனியாகப் பயிற்சியும் எடுக்கிறார். போய், அமெரிக்க அணியின் இணைத்தலைவராக வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து சேர்ந்ததே அந்த வருடம்தான்.

ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போனபோது முந்தின நாள் ராத்திரி எதிரணியின் விளையாட்டு அரங்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்களாம். காலையில் எழுந்து அதே தரையில் ஆட்டம்.

முதல் ஆட்டம் 1974 டிசம்பர். மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. பின்னால் 1,098 ஆட்டங்களை ஜெயிக்கப்போகிற ஒருவர், முதல் நாளில் ஒரு புள்ளியில் தோற்றார்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு.

கூடைப்பந்து மைதானத்தில் சரியாக நடுவில் குறுக்கே ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பள்ளி மைதானம் வழியாகப் போகும்போது சுண்ணாம்பில் போட்டிருப்பார்கள். இன்றைக்கு ஐந்து பேர் ஆடுகிறோம், ஐந்து பேரும் மைதானம் முழுக்க ஓடலாம். அன்றைக்கு டென்னசி மாநிலத்தின் பள்ளிகளில் பெண்களுக்கு வேறு விதி. ஒரு அணியில் ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பாதியில், மூன்று பேர் அந்தப் பாதியில். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் நிற்கிற மூன்று பேர் கூடையில் பந்தைப் போட மட்டும், அந்தப் பக்கம் நிற்கிற மூன்று பேர் எதிரியைத் தடுக்க மட்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதற்கும் கணக்கு, இரண்டு தட்டு, அவ்வளவுதான், அப்புறம் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். பெண்கள் முழு மைதானம் ஓடினால் உடம்பு தாங்காது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நினைத்ததில் வந்த விதி இது.

யோசித்துப் பாருங்கள். தடுக்கிற பக்கம் நிறுத்தப்பட்ட ஒரு பெண், நான்கு வருடம் பள்ளி அணியில் ஆடியிருப்பாள், ஆட்டத்தில் ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்துப் பந்து எறிந்திருக்க மாட்டாள். அவள் பந்தைப் பிடுங்குவாள், நடுக்கோடு வரை கொண்டுவருவாள், அங்கே நின்று கையை நீட்டி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று பேர் ஆடுவதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பாள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு கல்லூரியில் ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம் ஆட வேண்டும் என்றால் பயிற்சியாளர் என்ன செய்வார்? அதனால்தான் அந்த விதி போக வேண்டும் என்று பேட் சொல்லிக்கொண்டே இருந்தார். 1976-ல் ஒரு பள்ளி மாணவி நீதிமன்றத்துக்கே போனாள். முதலில் ஜெயித்தாள், மேல்முறையீட்டில் தோற்றாள். ஆனால் பேச்சு அடங்கவில்லை, 1979-ல் டென்னசி பள்ளிகள் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறின. வேறு மாநிலங்களில் இன்னும் நீண்டது. ஓக்லஹோமாவில் 1995 வரை ஆறு பேர் ஆட்டம் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1995 நேற்றுதானே.

நான் புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் நாள் அந்தக் கோட்டின் மேல் நிற்கவைத்து இதைச் சொல்வேன். சொல்லி முடித்ததும், சரி, இப்போது தாண்டி ஓடு என்பேன். அன்றைக்கு அவர்கள் ஓடுகிற ஓட்டமே வேறு மாதிரி இருக்கும்.

இதற்கெல்லாம் பின்னணியில் ஒரு சட்டமும் இருக்கிறது. 1972-ல் வந்தது, டைட்டில் நைன் என்பார்கள். அரசுப் பணம் வாங்குகிற கல்வி நிலையத்தில் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 37 சொற்கள். விளையாட்டு என்ற வார்த்தையே அதில் கிடையாது. ஆனாலும் அது வந்த பிறகுதான் பெண்களின் அணிகளுக்கு மெதுவாகக் காசு வர ஆரம்பித்தது. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சட்டம் வந்து இரண்டு வருடம் கழித்தும் டோனட் காசில் எடுத்த சட்டையைத்தான் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அணி நன்றாக ஆடவும் ஆரம்பித்தது. 1987-க்கு முன்னால் ஏழு தடவை கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தார்கள். ஏழு தடவையும் கோப்பை இல்லாமல் வீடு திரும்பினார்கள். 1980, 1981, 1984 மூன்று வருடமும் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். எட்டாவது தடவை, 1987-ல், லூசியானா டெக் அணியை 67-44 என்று அடித்து முதல் கோப்பை. பதின்மூன்று வருடம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்.

ஒரு சம்பவம் சொல்லாமல் போக முடியாது. 1990-ல் கடைசி நான்கு அணிகள் ஆடும் ஆட்டங்கள் இவர்களுடைய சொந்த ஊரிலேயே, இவர்களுடைய அரங்கத்திலேயே நடக்க இருந்தன. அதற்கு ஒரு படி முன்னால் வர்ஜீனியா பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் இவர்களைத் தோற்கடித்துவிட்டது. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாத மாதிரி. அதே வருடம் செப்டம்பரில் பேட் நிறைமாதக் கர்ப்பிணி. மிஷெல் மார்சினியாக் என்கிற ஒரு பள்ளி வீராங்கனையை அணிக்கு அழைப்பதற்காகப் பென்சில்வேனியாவுக்குச் சின்ன விமானத்தில் போகிறார். போகிற வழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும்போது வலி எடுக்கிறது. விமானி வர்ஜீனியாவில் இறக்கிவிடட்டுமா என்று கேட்கிறார். கூடாது என்றுவிட்டார். எந்த ஊரில் வேண்டுமானாலும் பிறக்கட்டும், வர்ஜீனியாவில் என் பிள்ளை பிறக்கக் கூடாது! பல்லைக் கடித்துக்கொண்டு நாக்ஸ்வில் வந்து சேர்ந்து, பையன் அங்கேதான் பிறந்தான். அடுத்த வருடம் இறுதி ஆட்டத்தில் எதிரே யார் தெரியுமா? அதே வர்ஜீனியா. அதுவும் கூடுதல் நேரம் வரைக்கும் போய் 70-67, இந்தத் தடவை டென்னசிக்கு. அந்த மிஷெல் முதலில் வேறு பல்கலைக்கழகத்துக்குத்தான் போனாள். அப்புறம் மாறி இங்கே வந்து 1996 கோப்பையை வாங்கிக்கொடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். கனெக்டிகட் அணியோடு இவர்களுக்கு இருந்த போட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது இன்றைக்கு இல்லை. 1998-ல் 39 ஆட்டம் ஆடி 39-ம் ஜெயித்தார்கள், அதுவும் ஒரு வரியோடு சரி. ஆனால் வகுப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அணியில் இருப்பவள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும், மட்டம் போடக் கூடாது. அவரிடம் கல்லூரிக் காலம் முழுக்க ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். அத்தனை பேரும்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு மறதி நோய், அல்சைமர், ஆரம்பித்துவிட்டது என்று அவரே வெளியே சொன்னார். சொல்லிவிட்டு அந்த வருடமும் அணியோடு பெஞ்சில் உட்கார்ந்தார். 2012-ல் விலகினார், 2016 ஜூனில் காலமானார். அவருக்குப் பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டது ஹோலி வார்லிக். இந்த ஹோலி 1976-ல் நாக்ஸ்வில்லுக்கு ஓட்டப்பந்தய உதவித்தொகையில் வந்த பெண், கூடைப்பந்துக்கு என்று யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து கேட்டு அணியில் சேர்ந்தாள், நான்கு வருடம் ஆடினாள், அப்புறம் 27 வருடம் பேட் பக்கத்திலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தாள். அவள் போட்டிருந்த 22-ஆம் எண் சட்டையை இனி யாரும் போட வேண்டாம் என்று எடுத்து வைத்தார்கள். அந்த அணியில் அப்படி எடுத்து வைத்த முதல் சட்டை அதுதான்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.