பந்தயக் குதிரையின் கால் எப்போது முறியத் தொடங்குகிறது?

[காட்சி: சான்டா அனிட்டா பந்தயத் திடல்]

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சான்டா அனிட்டா பந்தயத் திடலில், 2018 டிசம்பர் 26 அன்று தொடங்கி 2019 ஜூன் 23 அன்று முடிந்த பருவத்தில் மட்டும் 30 குதிரைகள் இறந்தன. மார்ச் மாதத்தில் சில வாரங்களுக்குப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகும் சாவுகள் தொடர்ந்ததால், முழுமையான விசாரணை முடியும்வரை பந்தயமே நடத்தக் கூடாது என்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் வலியுறுத்தினார். அந்தக் குளிர்காலத்தில் பெய்த கனமழை ஓடுதளத்தைக் கெடுத்துவிட்டது என்பதே பலரும் முதலில் சொன்ன காரணம். மழைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் எலும்பு முறிந்த கதை மழைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

[காட்சி: குதிரையின் முன்னங்கால் எலும்புகள், வரைபடம்]

ஏறத்தாழ 450 கிலோவுக்கு மேல் எடையுள்ள தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை முழு வேகத்தில் பாயும்போது, உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சுமை ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. இத்தகைய ஓட்டம் மீண்டும் மீண்டும் நிகழும்போது எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. உடல் அவற்றைத் தானே பழுதுபார்க்கிறது. ஆனால் சேதமடைந்த பகுதியைக் கரைத்து அகற்றச் சில வாரங்களே போதும். அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்பப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் கால் முன்னைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போது வலியை மறைக்கும் மருந்தும் சேர்ந்துகொண்டால், குதிரை நொண்டாமலேயே ஓடுதளத்துக்கு வந்துவிடும். கலிஃபோர்னியாவில் 1990 முதல் நடந்துவரும் பிரேதப் பரிசோதனைகளில், உயிர் பறித்த முறிவுகளில் மிகப் பெரும்பான்மையானவை ஏற்கனவே பழுதுபட்டிருந்த இடத்திலேயே நிகழ்ந்திருப்பது தெரியவந்திருக்கிறது. எனவே இவற்றைத் தலைவிதி என்று ஒதுக்கிவிட முடியாது.

முறிந்த காலைக் குணப்படுத்தக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். குதிரையால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. நின்றால் மற்றக் கால்கள் அதிகச் சுமையைத் தாங்க வேண்டும். அதனால் குளம்புக்குள் கடும் அழற்சி ஏற்படும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியில் 2006இல் வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, அடுத்த பந்தயத்தில் கால் முறிந்த பின் மாதக்கணக்கில் சிகிச்சை அளித்தும், இந்த நோயால் 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கிறது என்றால், அதைக் கேட்க வேண்டியவர் யார்? அமெரிக்கப் பந்தயங்களில் பலவற்றில், ஓடும் குதிரையைக் குறித்த விலைக்கு வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலின் வரலாற்றை அறிந்த பயிற்சியாளரிடமிருந்து குதிரை ஒரே நாளில் கைமாறிவிடுகிறது. என் பார்வையில், சவுக்கடியைவிடக் குறைவாகப் பேசப்படும் பெரிய ஆபத்து இதுதான்.

[காட்சி: கால்நடை மருத்துவர் குதிரையின் காலைச் சோதிக்கிறார்]

2020இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டத்தின்படி, நாடு தழுவிய பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஒரு பந்தயத்தில் ஆறு முறைக்கு மேல் சவுக்கால் அடிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவதை ஓர் ஓட்டமாகக் கொண்டால், 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2 ஆக இருந்த சாவு விகிதம், இந்த விதிகளுக்கு உட்பட்ட திடல்களில் 2024இல் 0.90 ஆகக் குறைந்தது. இது மெய்யான முன்னேற்றம். ஆயினும் அதிகாலைப் பயிற்சியில் விழுந்து இறக்கும் குதிரைகள் இந்தக் கணக்கில் இல்லை. ஓட முடியாமல் போனதால் எல்லை கடந்து இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்படும் குதிரைகளும் இதில் இல்லை.