ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

[திரையில்: 2,93,31,86,25,600]

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண் 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுகிறது. முதன்முதலாக 23-இல்தான் மீதி வருகிறது. இதற்கு 5,040 காரணிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணை உயர் பகு எண் என்கிறோம்.

காவிரிப் படுகையின் களங்களில் 12 மரக்கால் நெல்லை ஒரு கலம் என்று அளந்தார்கள். அந்தக் கலத்தை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என எத்தனை பங்காகப் பிரித்தாலும் மரக்கால் உடையாது. 12-உம் உயர் பகு எண்தான்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் இவ்வகை எண்களை விரிவாக ஆராய்ந்து, 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகவே.

[திரையில்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19]

நம் எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் இப்படி அமையும். இதில் ஒவ்வொரு அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5,040 கிடைக்கும். உயர் பகு எண் ஒன்றில் பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி வர வேண்டும். அடுக்குகள் போகப்போக ஏறக் கூடாது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர்த்து, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதை ராமானுஜன் நிறுவினார். ஆனால் இந்த வடிவம் மட்டும் போதாது. 2 × 3 × 5 × 7 = 210 என்பதும் இதே ஒழுங்கில் அமைந்ததுதான்; அதன் 16 காரணிகளை அதனினும் சிறிய 120 முன்பே எட்டிவிட்டதால் அது தகுதி இழக்கிறது. ஆகவே, வடிவம் பொருந்தும் எண்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. கையால் செய்வதற்கு மிகக் கடினமான வேலை அது.

நம் எண்ணின் முதல் நான்கு பகா எண்கள் தம் அடுக்குகளோடு பெருகி 2,520-இன் வர்க்கமாகின்றன; மீதமுள்ள 46,189 வர்க்கமல்ல என்பதால் முழு எண்ணும் வர்க்கமாகாது. தன்னை நீக்கிய காரணிகளின் கூடுதல் தன்னைப்போல் நான்கரை மடங்கைத் தாண்டுவதால் இது மிகை எண், அதாவது அந்தக் கூடுதல் தன்னை மிஞ்சும் எண். இலக்கங்களின் கூடுதலான 45-ஆல் வகுபடுவதால் இந்தியக் கணித அறிஞர் கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்ணும்கூட. எனினும் அது பத்தடிமான முறையில் எழுதுவதால் அமையும் பண்பு என்பதால், நான் அதற்கு அதிக மதிப்புத் தர மாட்டேன். இதைக் காட்டிலும் அழகானது வேறொன்று: 5,040-உம் உயர் பகு எண், அதன் காரணிகளின் எண்ணிக்கையான 60-உம் அவ்வாறே, அந்த 60-க்குள்ள காரணிகள் 12.

1915-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. வரிசையில் இடம்பெற்றிருக்க வேண்டிய 2,93,31,86,25,600 மட்டும் அதில் இல்லை. பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அதுவே. காரணிகளும் சரியாக இரு மடங்காகி 10,080 ஆகின்றன.