கூடவே பெற்றோர் இருந்தும்: ‘வென் தே சீ அஸ்’ தொடரும் பார்வையாளர்களின் ஓயாத வாதமும்

வணக்கம். 2019ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் ‘வென் தே சீ அஸ்’ என்ற நான்கு பகுதிக் குறுந்தொடர் வெளியானது. இயக்கியவர் ஏவா டுவர்னே. வெளியான ஒரு மாதத்துக்குள் உலகம் முழுவதும் 2.3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளில் அது பார்க்கப்பட்டதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. உண்மைக் குற்ற வழக்கைத் தழுவிய நாடகங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கொலையாளி யார் என்றுதான் விவாதிப்பார்கள். இந்தத் தொடரைப் பார்த்தவர்களோ, செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஐந்து சிறுவர்களின் பெற்றோரைப் பற்றி வாதிட்டார்கள், வழக்கில் பங்குகொண்ட அரசு வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி வாதிட்டார்கள், இப்படியொரு கதையைத் தாங்கிக்கொண்டு பார்க்கத்தான் வேண்டுமா என்றும் வாதிட்டார்கள். இந்த மூன்று வாதங்களும் ஒரே இடத்திலிருந்து, அந்தச் சிறுவர்கள் விசாரிக்கப்பட்ட அறையிலிருந்து, கிளம்புகின்றன என்பதைத்தான் இந்த வீடியோவில் விளக்கப் போகிறேன்.

[திரையில்: மன்ஹாட்டன் வரைபடம், சென்ட்ரல் பார்க்கின் வட முனையும் அதை ஒட்டிய ஹார்லெமும்]

முதலில் வழக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1989 ஏப்ரல் 19ஆம் தேதி இரவு, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப்பயிற்சிக்குச் சென்ற 28 வயதுப் பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, உயிருக்குப் போராடும் நிலையில் கண்டெடுக்கப்பட்டார். அதே இரவில் பதின்வயதினர் கூட்டம் ஒன்று பூங்காவுக்குள் புகுந்திருந்தது. அவர்களில் சிலர் வழியில் வந்தவர்களைத் தாக்கியும் இருந்தனர். அந்தக் கூட்டத்தோடு தொடர்புபடுத்தி, கெவின் ரிச்சர்ட்சன், ரேமண்ட் சான்டானா, ஆன்ட்ரன் மெக்ரே, யூசுஃப் சலாம், கோரி வைஸ் ஆகிய ஐந்து பேரைக் காவல்துறை இந்தக் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். முதல் இருவருக்கு வயது 14, அடுத்த இருவருக்கு 15, கோரிக்கு 16. சலாம் நீங்கலாக மற்ற நால்வரும் கேமரா முன்னால் வாக்குமூலம் தந்தார்கள். பிறகு, மிரட்டி வாங்கப்பட்டவை என்று சொல்லி அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். சம்பவ இடத்தில் கிடைத்த விந்தணுவின் டிஎன்ஏ ஐவரில் ஒருவருடையதோடும் பொருந்தவில்லை. இது வழக்கு தொடங்கும் முன்பே தெரிந்த செய்தி. ஆனாலும் 1990இல் நடந்த இரண்டு விசாரணைகளில் ஐவரும் தண்டிக்கப்பட்டனர். பல ஆண்டுகள் கழித்து, வேறு குற்றங்களுக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த மத்தியாஸ் ரெயஸ் என்பவர், தான் தனியாளாகச் செய்த குற்றம் அது என்று ஒப்புக்கொண்டார். டிஎன்ஏ அவருடையதோடு பொருந்தியது. 2002 டிசம்பர் 19ஆம் தேதி ஐவரின் தண்டனையும் ரத்தானது. 2014இல் நியூயார்க் நகரம் அவர்களுக்கு 4.1 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

இத்தனையும் செய்தித்தாள்களில் முன்பே வந்தவைதான். தொடர் புதிதாகச் செய்தது, இந்த வழக்கைக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து சொன்னது.

நியூயார்க் சட்ட நடைமுறைப்படி, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரைக் காவல்துறை விசாரிக்கும்போது பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையில் அமைந்த விதி அது. அந்தப் பெரியவரும் பயந்துபோனவராக, தூக்கம் கெட்டவராக, காவல்துறை சொல்வதை நம்பியவராக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தொடரின் முதல் பகுதி பொறுமையாகக் காட்டுகிறது.

[திரையில்: விசாரணை அறையின் கோட்டோவியம், ஒரு மேசை, நான்கு நாற்காலிகள்]

ஆன்ட்ரனின் தந்தையாக மைக்கேல் கே. வில்லியம்ஸ் நடித்த காட்சியைக் கவனியுங்கள். ‘என் மகன் பொய் சொல்ல மாட்டான்’ என்ற உறுதியோடுதான் அவர் நிலையத்துக்குள் வருகிறார். காவலர்கள் அவரைத் தனியே அழைத்துச் சென்று, அவருடைய பழைய குற்றப் பதிவையும் வேலையையும் நினைவூட்டுகிறார்கள். திரும்பி வரும்போது அவர் முகமே மாறியிருக்கிறது. அவர்கள் என்ன கேட்கிறார்களோ அதைச் சொல்லிவிடு என்று மகனிடம் கத்துகிறார். சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று உண்மையாகவே நம்புகிறார். மகன் அழுதுகொண்டே தலையாட்டுகிறான். கெவினின் கதையிலும் இதுவேதான் நடக்கிறது. அங்கே உடனிருப்பவர் அவனுடைய அக்கா, தம்பியை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிப் போய்விடும் அவசரத்தில் இருப்பவர்.

பார்வையாளர்களிடையே மிகக் கடுமையான பிளவு இந்தத் தந்தையைப் பற்றித்தான் ஏற்பட்டது. மகனைக் கைவிட்டவர் என்று ஒரு சாரார் அவரை மன்னிக்கவே மறுத்தனர். நிஜ வாழ்க்கையில் ஆன்ட்ரனும் மன்னிக்கவில்லை. தந்தை மீதான கோபம் தணியவில்லை என்பதை அவர் நேர்காணல்களில் மறைக்காமல் பேசியிருக்கிறார். இன்னொரு சாரார், குறிப்பாக அமெரிக்காவின் கறுப்பினப் பெற்றோர், அந்த அறையில் தாங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்து நடுங்கினார்கள். காவல்துறையோடு எதிர்த்துப் பேசினால் பிள்ளை உயிரோடு திரும்பாது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு, ஒத்துப்போவதுதான் பிள்ளையைக் காப்பாற்றும் வழியாகத் தெரியும். என் கருத்தில் இந்த இரண்டாம் சாரார்தான் காட்சியைச் சரியாகப் பார்த்தவர்கள். அந்தத் தந்தை அன்பில்லாதவர் அல்லர். அவருடைய அன்பைப் பிடித்துத்தான் காவலர்கள் அவரை அசைத்தார்கள். ஆன்ட்ரனின் கோபத்தில் உள்ள நியாயத்தை இது சிறிதும் குறைக்காது.

இதற்கு நேர் எதிராக நிற்பவர் யூசுஃபின் தாய் ஷெரான் சலாம்; ஆன்ஜனூ எல்லிஸ் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். யூசுஃபிடம் இருந்த பயண அட்டை அவனுக்கு 16 வயது என்று காட்டியதால், காவல்துறை அவனைத் தாய் இல்லாமலேயே விசாரிக்கத் தொடங்கியிருந்தது. அவர் வந்து, மகனுக்கு 15தான் என்று வாதாடி விசாரணையை நிறுத்தினார். யூசுஃப் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை, வீடியோவும் இல்லை. ‘எல்லாப் பெற்றோரும் இவரைப் போல உறுதியாக இருந்திருந்தால்’ என்று பல பார்வையாளர்கள் ஆதங்கப்பட்டார்கள். ஆனால் இவர் மகனும் தண்டிக்கப்பட்டான் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது. அவன் வாய்மொழியாகச் சொன்னதாகக் காவல் அதிகாரி நீதிமன்றத்தில் அளித்த சாட்சியமே அவனைத் தண்டிக்கப் போதுமானதாக இருந்தது. குற்றத்தைப் பெற்றோரின் தலையில் ஏற்றும் எந்த வாதமும் இந்த இடத்தில் நிற்காமல் போகிறது.

கோரி வைஸின் கதைதான் நான்காம் பகுதி முழுவதும். அவனைக் காவலர்கள் தேடி வரவே இல்லை. நண்பன் யூசுஃபை அழைத்துப் போகிறார்களே என்று கூடவே போனவன் அவன். 16 வயது நிரம்பிவிட்டதால் அவனுக்குப் பெற்றோர் உடனிருக்கும் உரிமையும் இல்லை, சிறார் சிறையும் இல்லை. ஐவரில் அவன் ஒருவன் மட்டும் தண்டனை முழுவதையும் பெரியவர்களுக்கான சிறைகளில், ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் தொடங்கி, 12 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்தான். தாய் வந்து பார்க்க முடியாத தொலைவிலுள்ள சிறைக்கு மாற்றப்படுகிறபோது, வீட்டுக்கு அருகில் அனுப்பும்படி அவன் கேட்டுக்கொண்டே இருப்பதும், ஒவ்வொரு மாற்றமும் அவனை இன்னும் மோசமான இடத்தில் கொண்டு சேர்ப்பதும் தொடரில் பார்க்க மிகக் கடினமான பகுதி. மற்ற நால்வருக்கும் சிறுவயதில் ஒரு நடிகர், பெரியவரானபின் வேறொருவர். கோரிக்கு மட்டும் ஜாரெல் ஜெரோம் இரண்டு பருவத்தையும் நடித்தார், அதற்காக 2019 செப்டம்பரில் எம்மி விருதும் பெற்றார். விருது மேடையிலிருந்து அவர் ஐவரையும் குறிப்பிட்டபோது, அவர்கள் அரங்கத்திலேயே அமர்ந்திருந்தனர்.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டதாகவும், நாள்கணக்கில் இடைவெளி விட்டுப் பார்த்ததாகவும், பார்க்கவே போவதில்லை என்றும் ஏராளமானோர் அப்போது சொன்னார்கள். தங்கள் மக்களின் துயரம் திரும்பத் திரும்பத் திரையில் காட்சிப்பொருளாவதில் களைத்துப்போனவர்களின் குரல் அது. அந்தக் குரலை நான் மதிக்கிறேன். ஆயினும், இந்தத் தொடரை எடுக்கும்படி டுவர்னேயிடம் 2015இல் ட்விட்டர் வழியாகக் கேட்டவர் ஐவரில் ஒருவரான ரேமண்ட் சான்டானாதான் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். தாங்கள் பட்டது முழுமையாகக் காட்டப்பட வேண்டும் என்று விரும்பியவர்கள் அதைப் பட்டவர்களே.

[திரையில்: எழுத்துகள் மட்டும், ‘2020 – 2024: அவதூறு வழக்கு’]

இனி எஞ்சியிருப்பது அரசு வழக்கறிஞரைப் பற்றிய வாதம். அன்று மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாலியல் குற்றப் பிரிவின் தலைவராக இருந்தவர் லிண்டா ஃபேர்ஸ்டீன். தொடரில் ஃபெலிசிட்டி ஹஃப்மன் நடித்த அந்தப் பாத்திரம், சிறுவர்களை வளைத்துப் பிடிக்க ஆணையிடுகிறது, வழக்கின் ஒவ்வொரு திருப்பத்தையும் முன்னின்று நடத்துகிறது. தொடர் வெளியான சில நாட்களில், பார்வையாளர்களின் சினம் அவர் மீது திரும்பியது. அவர் பல அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களிலிருந்து விலகினார். அவருடைய நாவல்களை வெளியிட்டுவந்த பதிப்பகம் அவரைக் கைவிட்டது. தொடர் தன்னைப் பொய்யாகச் சித்தரிக்கிறது என்று சொல்லி 2020இல் அவர் நெட்ஃபிளிக்ஸ் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 2023இல் நீதிபதி கெவின் காஸ்டல், சில காட்சிகளை நடுவர் குழு ஆராய வேண்டும் என்று வழக்கை முன்னே செல்ல அனுமதித்தார். 2024 ஜூனில், விசாரணை தொடங்கவிருந்த தறுவாயில், சமரசம் ஏற்பட்டது. ஃபேர்ஸ்டீனுக்குப் பணம் எதுவும் இல்லை; நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலரை, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கப் பாடுபடும் இன்னசன்ஸ் புராஜெக்ட் அமைப்புக்கு நன்கொடையாக அளிக்கவும், சில பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் உரையாடல்களும் நாடகத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டவை என்ற அறிவிப்பைத் தொடரின் இறுதியிலிருந்து தொடக்கத்துக்குக் கொண்டுவரவும் ஒப்புக்கொண்டது.

பார்வையாளர்களில் பலர் இந்த வழக்கைக் கேட்டதும் எரிச்சலடைந்தார்கள். ஐந்து பேரின் இளமையைப் பறித்த வழக்கில் பங்குள்ளவர் தன் பெயர் கெட்டது என்று வருந்துவதா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஐவரின் தண்டனையையும் ரத்துசெய்த தீர்ப்பை இந்தச் சமரசம் தொடவும் இல்லை. ஆனால் இந்தத் தொடரின் உயிரே, சொல்லாத சொற்களைச் சிறுவர்களின் வாயில் திணித்தது அநீதி என்பதுதான். 2002இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம், வாக்குமூலங்கள் எப்படி ஒன்றோடொன்று முரண்பட்டன என்பதை எடுத்துக்காட்டியது: யார் தாக்கினார்கள், எதைக்கொண்டு தாக்கினார்கள், எப்போது நடந்தது என்ற ஒவ்வொன்றிலும் வேறுபாடு. இப்படிப்பட்ட வழக்கைப் படமாக்குபவர், உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையே வைத்து ஒரு வசனத்தையோ ஆணையையோ எழுதும்போது, வேறெந்தக் கதையையும் விட இங்கே கூடுதல் கவனம் காட்டியிருக்க வேண்டும். பலருடைய குற்றத்தை ஒரு பாத்திரத்தில் குவித்துவிட்டால், காவல் அதிகாரிகள், நீதிபதி, செய்தித்தாள்கள், நடுவர்கள் என்று மற்றவர்கள் எல்லாரும் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். ஒரு கெட்ட பெண்மணியால் நடந்தது என்று முடித்துக்கொண்டால், அதே போன்ற அறைகளில் வேறு பிள்ளைகளுக்கு ஏன் இது நடக்கிறது என்ற கேள்விக்கு விடையே இல்லை.

அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை சட்டத்தில் கிடைத்தது. விசாரணையின்போது காவலர்கள் சந்தேக நபரிடம் பொய் சொல்வதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. யூசுஃபிடமும் கைரேகை பற்றி அப்படியொரு தந்திரம் கையாளப்பட்டது. வாக்குமூலங்கள் பதிவாயின; அவற்றுக்கு முந்தைய நீண்ட மணிநேர விசாரணை பதிவாகவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கடுமையான குற்றங்களுக்கான காவல் விசாரணையை முழுமையாக வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. யூசுஃப் சலாம் 2023இல் ஹார்லெம் தொகுதியிலிருந்து நியூயார்க் நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொடரை இனிமேல் பார்க்கப் போகிறவர்கள், தொடக்கத்தில் வரும் அந்த அறிவிப்பைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். பிறகு முதல் பகுதியின் விசாரணைக் காட்சிகளில், ஒவ்வொரு பெரியவரும் அறைக்குள் எப்போது வருகிறார், எப்போது வெளியே அழைக்கப்படுகிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.