மலிவுக் காய், கைப்பக்குவம்

வணக்கம் நேயர்களே. நம் ஊர் சூப்பர்மார்க்கெட்டில், வெள்ளரிக்காய் போலத் தோன்றும் பூசணி வகைக் காயான சுக்கினியை வெளிநாட்டுக் காய் வரிசையில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். இத்தாலியில் அது ஏழை வீட்டுக் காய். கோடை பிறந்தால் சந்தையில் குவிந்துவிடும். இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் போதும், காய் பெருத்து உள்ளே பஞ்சும் விதையுமாகிவிடும். ஆகவே பறித்ததை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் வாங்கிய காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அப்படியே வேகவைத்தால் சப்பென்று இருக்கும். அந்தத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதில்தான் இத்தாலியரின் கைப்பக்குவம் தெரிகிறது.

நேப்பிள்ஸ்காரர்களின் ஸ்காபேச்சே எனக்கு மிகவும் பிடித்தது. காயை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, துணியில் பரப்பி வெயிலில் கொஞ்ச நேரம் வாடவைக்கிறார்கள், வற்றல் போடுகிற மாதிரி. ஆனால் மொறுமொறுவென்று காயவிடுவதில்லை. வாடிய வட்டங்களை எண்ணெயில் போட்டால் ஓரம் சுருங்கிச் சிவக்கும். எடுத்து உப்புத் தூவி, பூண்டுப் பல்லும் புதினா இலையும் இடையிடையே வைத்து அடுக்கி, மேலே வினிகர் தெளித்து மூடிவிடுவார்கள். மறுநாள்தான் அதற்கு ருசி. சூடாக்க வேண்டியதில்லை, ரொட்டியோடு அப்படியே சாப்பிடலாம்.

சொரெந்தோ பக்கத்துக் கடற்கரைச் சிற்றூரான நெரானோவில் இதே பொரித்த வட்டங்களை நூல் போன்ற ஸ்பகெத்தி பாஸ்தாவில் புரட்டுகிறார்கள். பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி, துருவிய ப்ரோவொலோனே சீஸ், துளசி இனத்து பேசில் இலை. அவ்வளவுதான். இன்று அது பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் உணவு!

ரோமில் வரிவரியாக விளிம்பு கட்டிய வெளிர்பச்சைக் காயைப் பூவோடு விற்பார்கள். பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால், பழைய காயைப் புதிது என்று சொல்லி ஏமாற்ற முடியாது. காய்க்காத ஆண் பூக்களையும் வீணாக்குவதில்லை. அவற்றுக்குள் மொத்ஸரெல்லா சீஸும் ஒரு துண்டு உப்பு நெத்திலியும் திணித்து, மாவில் தோய்த்து, பஜ்ஜி போலப் பொரித்தெடுக்கிறார்கள்.

அப்புறம் இத்தாலியின் தெற்குத் தீவான சிசிலி. அங்கே கோடையில் சமைக்கும் நீளமான 'குகுட்ஸா' சுக்கினி இனமே அல்ல, சாட்சாத் நம் சுரைக்காய்! அங்குள்ள பலெர்மோ நகரில் குடியிருக்கும் ஈழத் தமிழருக்கு அது புதுக்காயாக இருந்திருக்காது. ஆனால் சிசிலிக்காரர்கள் காயைவிட அதன் கொழுந்து இலைக்குத்தான் அதிகம் ஆசைப்படுவார்கள். கட்டுக்கட்டாக வாங்கி, இலையையும் இளந்தண்டையும் நறுக்கி வேகவிட்டு, அந்த நீரிலேயே ஸ்பகெத்தியைச் சின்னச் சின்னதாக ஒடித்துப் போடுகிறார்கள். பூண்டோடு வதக்கிய தக்காளியைக் கடைசியில் சேர்ப்பார்கள். கொளுத்துகிற வெயில் காலத்திலும் வீடுகளில் இந்தச் சூப்புதான். கொஞ்சம் ஆறவைத்துக் குடிப்பார்கள்.