மறைப்புக்குள் இரண்டாவது ஆள்

நண்பர்களே, 1990 ஜூனில் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் கனடாவும் கோபன்ஹேகனில் கூடி ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டன. எங்கள் தேர்தலைப் பார்க்க வெளிநாட்டவரும் வரலாம், உள்நாட்டவரும் வரலாம் என்று அதில் இருக்கிறது. பிரிட்டனும் சம்மதித்தது. ஆனால் அதற்கப்புறம் பதினைந்து வருடங்கள், பிரிட்டிஷ் வாக்குச்சாவடிக்குள் ஒரு பார்வையாளர் கால்வைக்கச் சட்டத்தில் வழியே இல்லை. அடுத்தவர் நாட்டுத் தேர்தலுக்குப் பார்வையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்த நாடு அது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

2005 ஏப்ரலில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரசபைத் தேர்தலில் அஞ்சல் வாக்குகளில் நடந்த மோசடி பற்றிய வழக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே பொதுத்தேர்தல். அதை மதிப்பிட வந்த ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் குழு, பார்வையாளர்களுக்கு இடமில்லாததைச் சுட்டிக்காட்டியது. 2006இல் பார்வையாளர்கள் உள்ளே வரலாம் என்று சட்டம் மாறியது. எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 2012இல் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல், வாக்குச்சாவடி வாசலுக்கு நூறு அடிக்குள் வந்தால் வழக்கு பாயும் என்று அதே அமைப்புக்குக் கடிதமே எழுதினார்.

சரி, கதவு திறந்த பிறகு பிரிட்டனில் என்ன தெரிந்தது? கள்ள ஓட்டுக் கும்பலை எதிர்பார்க்காதீர்கள். ஒரு தேவாலயக் கூடம், மூன்று பக்கம் மறைத்த ஒரு சின்ன மேசை, கயிற்றில் கட்டிய பென்சில். அந்த மறைப்புக்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள். கணவர் வாக்குச்சீட்டின் மேல் விரல் வைக்கிறார், மனைவி அங்கே பெருக்கல் குறி போடுகிறார். கணவன் மனைவிதானே, எப்படிப் போய்ச் சொல்வது என்று அலுவலர் தயங்குகிறார். தினமும் பார்க்கிறவருக்கு அது உறுத்தவும் இல்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் குறுக்கிடக் கூடாது. அவர் குறித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

'டெமாக்ரசி வாலண்டியர்ஸ்' என்ற தன்னார்வக் குழு ஊர் ஊராக இதைக் குறித்து, எண்ணி, அறிக்கையாக வெளியிட்டது. குடும்ப வாக்களிப்பு என்று பெயரும் நிலைத்தது. 2023இல், ஒருவர் வாக்களிக்கும்போது அவரை வசப்படுத்தும் எண்ணத்துடன் கூட நிற்பது குற்றம் என்று தனிச் சட்டமே வந்தது.

1872 வரை பிரிட்டனில் வாக்காளர் தன் தேர்வை எல்லார் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலச்சொந்தக்காரர் காதில் விழும். அதை ஒழிக்கத்தான் ரகசிய வாக்கு வந்தது. ஜமீன்தாரை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்காரரை உள்ளே விட்டால், அந்தப் பெண்ணுக்கு என்ன மாறிவிட்டது?

இந்த அரங்கில் பிரிட்டனில் வசிப்பவர்கள் நிறைய இருக்கிறீர்கள். பதினாறு வயது நிரம்பிய யாரும் தேர்தல் ஆணையத்திடம் பார்வையாளர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வாக்குப்பதிவு காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை. மாலையில் குடும்பத்தோடு வரும் கூட்டத்தின்போது போய் உட்காருங்கள், அந்த மேசைகளைப் பாருங்கள்.