மணியோசை கேட்கிற காது யாருக்கு இருக்கிறது?

(நாகர்கோவிலில் சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சி நாளில் பேசியது. மேடையில் பேசியபடியே, சிறிது சுருக்கி.)

அவைத்தலைவர் அவர்களே, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, செவிலியர் கண்காணிப்பாளர்களே, கடற்கரைப் பங்குகளிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தையர்களே, ஜமாஅத் பெரியவர்களே, மருந்தாளுநர் சங்கத் தலைவர் அவர்களே! கடைசியாகச் சொன்னவர் பெயரை வரவேற்புரையில் விட்டுவிட்டார்கள். முதல் வரிசையில் முகம் வாடியிருக்கிறது. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன்: மருந்தாளுநர் சங்கத் தலைவர் அவர்களே, வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், மகிழ்ச்சி. அந்தக் காசுக்கு ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கி ஏதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுங்கள் என்று நான் பல மேடைகளில் சொல்லியாகிவிட்டது. பொன்னாடை நின்றபாடில்லை.

நம்முடைய மாவட்டம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1838-லேயே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியாகிவிட்டது. எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கி நெய்யூர் நோயாளிகளிடம் வந்து சேர்ந்தார். நெய்யூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று தலைவருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்கிறார். விஷயத்துக்கு வருகிறேன்.

மெர்ஸ் மாதிரி புதிதாக வரும் மூச்சுநோய்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஒன்று, நோயாளியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. இரண்டு, முகக்கவசமும் காற்றோட்டமும். மூன்று, வதந்தி.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. என் அம்மை அடிக்கடி சொல்லும் பழமொழி இது. புதிதாகக் கிளம்பும் மூச்சுநோய்களுக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மணி முதலில் அடிக்கத்தான் செய்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

மெர்ஸ் நோயை எடுத்துக்கொள்வோம். கொரோனா குடும்பத்துக் கிருமிதான். 2012-ல் சவுதி அரேபியாவில் கண்டுபிடித்தார்கள். ஒட்டகத்திடமிருந்து மனிதனுக்கு வருகிறது. உடம்பில் புகுந்த இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். நோய் உறுதியானவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் இறந்திருக்கிறார்கள். அங்கீகரித்த தடுப்பூசி கிடையாது. 27 நாடுகள் பார்த்துவிட்டன; பெரும்பங்கு சவுதியில். சவுதி நமக்குத் தூரமா? கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் எந்தத் தெருவிலும் கேட்டுப்பாருங்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவில். திருவனந்தபுரத்தில் இறங்கினால் அன்றைக்கே வீட்டில் மீன்குழம்பு. 2020 ஜனவரியில் சவுதி ஆஸ்பத்திரி ஒன்றில் கேரளத்து நர்ஸ் ஒருவருக்கு இதே மெர்ஸ் வந்தது. நம் பிள்ளைகளும் அங்கே நர்ஸ் வேலைதான் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கதையல்ல, நடந்தது. 2015. நான் அப்போது சுகாதார ஆய்வாளர். டெங்கு கணக்கெடுக்க நம் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். எது என்று கேட்காதீர்கள். ஆண்கள் வார்டில் ஒரு இளைஞன், காய்ச்சல், விடாத இருமல். டாக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தார், பயிற்சி மாணவர் பார்த்தார். சளி என்ன நிறம், பசி உண்டா, குடிப்பழக்கம் உண்டா, எல்லாம் கேட்டாயிற்று. கட்டிலைச் சுற்றி மாமியார், மச்சினன், சித்தப்பா, சித்தப்பாவின் கூட்டாளி. மாமியார் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து வார்டு முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு தந்தார். தின்றேன், நல்ல பழம்.

அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி அக்கா நிமிர்ந்தார். கட்டிலுக்குக் கீழே நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி; அதில் மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில். பையன் நெற்றியிலிருந்து கோடாலித் தைலம் வாசம். அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, "லே மக்கா, எப்ப வந்தே?" என்றார். "முந்தாநாளுக்கா." "எங்கேருந்து?" "ரியாத்." அக்கா நேரே நர்ஸிடம் போனார். "சிஸ்டரே, இது கல்ஃபுல இருந்து வந்த ஆளாக்கும். கொரியாவுல ஏதோ காய்ச்சல்னு டிவியில காட்டுதானே, அதா இருக்குமோ?"

பிறகு பார்க்க வேண்டுமே! டாக்டர் ஓடிவந்து வாசலிலேயே நின்று கேட்கிறார்: "தம்பி, ஒட்டகத்தைத் தொட்டியா?" பையன் சொல்கிறான்: "சார், நான் ஏசி மெக்கானிக்காக்கும்." சித்தப்பாவின் கூட்டாளியை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. பேரீச்சம்பழம் தின்றவர்கள் எல்லாரும் குழாயடியில் வரிசையாக வாய் கொப்பளிக்கிறோம். வரிசையில் நானும் உண்டு. மாமியார் மட்டும் அசையவில்லை. "எம் மருமவன விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு முகக்கவசம் போட்டு, தனி அறைக்கு மாற்றி, மாதிரி எடுத்து அனுப்பினார்கள். சாதாரண இன்ஃப்ளூயன்சா என்று வந்தது.

சிரித்தீர்கள், சரி. அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் மெர்ஸ் பயிற்சி வகுப்பு. டாக்டர்களுக்குச் சான்றிதழ், நர்ஸ்களுக்குச் சான்றிதழ், கோப்பு, பேனா, முந்திரி பிஸ்கட். அந்த அக்காவும் கூடத்தில்தான் இருந்தார், நாற்காலி போட்டுக்கொண்டும் டீ கொடுத்துக்கொண்டும். வகுப்பு தொடங்கியதும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மணியை முதலில் கேட்டவர் கதவுக்கு வெளியே!

அந்த அக்கா டிவியில் பார்த்த கொரியாவுக்கு வருவோம். 2015 மே மாதம் தென்கொரியர் ஒருவர் வளைகுடாப் பயணம் முடித்து ஊர் திரும்பினார். காய்ச்சல் வந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். நோய் இன்னதென்று உறுதியாக மே 20 ஆயிற்று. அந்த ஒருவரிடமிருந்து தொடங்கி 186 பேருக்கு நோய், 38 பேர் சாவு. பரவிய இடம் சந்தையல்ல, பேருந்தல்ல. பெரும்பாலும் ஆஸ்பத்திரி வார்டும் அவசர சிகிச்சைப் பிரிவும்தான். நோயாளிகள், பக்கத்துக் கட்டில்காரர்கள், பார்க்க வந்த சொந்தங்கள், ஊழியர்கள். இன்னும் ஒன்று. சியோலின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். கண்காணிக்க வேண்டியவர்கள் பட்டியல் போட்டபோது அவர் பெயர் அதில் இல்லை. அறிகுறி வந்தபின்னும் பல நாள் வேலைக்கு வந்தார், சுரங்க ரயிலில். தெரியவந்தபோது அந்த நகரமே பதறியது. நான் இங்கே கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.

பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுகாதாரப் பணியாளர்களுக்கு விழிப்புணர்வு எவ்வளவு என்று கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுக்கிறீர்கள். டாக்டர், நர்ஸ், ஆய்வக நுட்பனர், மாணவர் எல்லாரும் அதில் உண்டு. ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் எத்தனை கணக்கெடுப்பில் இருக்கிறார்? கேட் காவலாளி? 108 வண்டி ஓட்டுநர்? துணி வெளுக்கிறவர்? நோயாளி டாக்டரைப் பார்க்குமுன் இவர்களில் இரண்டு பேரையாவது பார்த்துவிடுகிறான்.

முதல் விஷயமாகச் சொன்ன கேள்வி அக்கா கேட்டதேதான்: எப்போது வந்தாய், எங்கிருந்து வந்தாய்? ஓ.பி. சீட்டில் இதற்கு ஒரு கட்டம் அச்சடிக்க என்ன செலவாகும்? பதினான்கு நாளுக்குள் வெளிநாடு என்றால் உடனே முகக்கவசம், தனி இடம், அப்புறம் டாக்டர்.

முகக்கவசம் பற்றிப் பிற்பகலில் செய்முறை இருக்கிறது, அதைப் பாருங்கள். காற்றோட்டத்துக்கு ஒன்று மட்டும்: மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்கத் தரும் நெபுலைசர் இயந்திரத்தை வார்டு நடுவில் வைக்காதீர்கள். அந்தப் புகையோடு கிருமியும் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வதந்தி இன்னொரு நாளைக்கு.

கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். எந்தத் தொற்றுநோய்ப் பயிற்சி நடந்தாலும் பட்டியலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் பெயரும் வர வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்று பயந்தால், இருமலை மறைத்துக்கொண்டு வார்டைக் கூட்டத்தான் வருவார்கள். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கேட்டதைச் சொன்னால் கூலி போகும் என்றால் எவர் வாய் திறப்பார்? நிரந்தர வேலை பற்றியும் மனுவில் எழுதியிருக்கிறேன். தலைவருக்குப் பிடிக்காது, எழுதியாகிவிட்டது.

கலெக்டருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் கையெழுத்துப் போடுங்கள். பெயரையும் பதவியையும் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். போன தடவை பாதிப் பெயர் யாராலும் வாசிக்க முடியவில்லை; விசாரித்தால் எல்லாம் டாக்டர்கள். நன்றி, வணக்கம்.