எதை வெட்டுவது, எதை வைத்திருப்பது

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். பக்கத்து வளவில் தேங்காய் பறிக்கிறார்கள். இடையிடையே விழும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதுரங்கத்தில் தந்திரக் கணக்குகளை நன்றாகச் செய்கிற பிள்ளைகள்கூட, வெட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் ஒன்றும் இல்லாத அமைதியான நிலை வந்தவுடன் ஏன் தடுமாறுகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லுவதைவிட, நான் தோற்ற ஓர் ஆட்டத்தை உங்கள் முன் வைப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

இந்தப் பலகையைப் பாருங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும், எண் வெள்ளையின் பக்கத்தில் இருந்து எண்ணும் குறுக்குவரிசையையும் குறிக்கும். எனக்கு வெள்ளை. என் சிப்பாய்கள் டி4, ஈ3, எஃப்4 கட்டங்களில் நிற்கின்றன. மூன்றும் கறுப்புக் கட்டங்கள். எதிராளியின் சிப்பாய்கள் டி5, ஈ6, எஃப்5 என்று மூன்று வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. என் குதிரை ஈ5 இல் குந்தியிருக்கிறது. அதை விரட்ட அவரிடம் சிப்பாய் இல்லை. என் மந்திரியோ இன்னும் சி1 இல், சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. அவரிடம் எஃப்6 இல் ஒரு குதிரையும், டி7 இல் என்னுடையதைப் போலவே மூச்சுவிட முடியாத ஒரு மந்திரியும் இருந்தன. மற்றக் குதிரைகளும் மந்திரிகளும் ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டு மாறிப் போய்விட்டன.

நான் என்ன செய்தேன்? குதிரையால் டி7 மந்திரியை வெட்டினேன். குதிரைக்கு மூன்று புள்ளி, மந்திரிக்கும் மூன்று புள்ளி. கணக்குச் சரிதானே என்று எண்ணினேன். அவர் இராணியால் திருப்பி வெட்டிவிட்டு, இரண்டு நகர்த்தல்கள் கழித்துத் தன் குதிரையை ஈ4 இல் கொண்டுவந்து இருத்தினார். ஈ4 வெள்ளைக் கட்டம். கறுப்புக் கட்டங்களிலேயே வாழ்நாள் முழுதும் நடக்க விதிக்கப்பட்ட என் மந்திரியால் அதை ஒருநாளும் தொட முடியாது. டி4 க்கும் எஃப்4 க்கும் போய்விட்ட சிப்பாய்கள் பின்னோக்கி வந்து அதை விரட்டவும் மாட்டா. அந்த ஆட்டம் மேலும் முப்பது நகர்த்தல்கள் நீண்டது. ஆனால் நான் தோற்றது அந்த ஒரு வெட்டிலேதான். என்னுடைய பலகையிலேயே சிறந்த காயைக் கொடுத்து, அவருடைய பலகையிலேயே உதவாத காயை நானே எடுத்து அகற்றிவிட்டேன்.

பாடப் புத்தகத்தில் வரும் புள்ளிக் கணக்கு, காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அதற்கு என்ன வேலை இருக்கிறது என்பவற்றைப் பார்ப்பதில்லை. அமைதியான நிலையில் முதலில் சிப்பாய்களைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், எந்தக் கட்டம் யாருக்கு நிரந்தரமாகச் சொந்தம், எந்தக் காய்க்கு வழி உண்டு, எதற்கு இல்லை என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. சிப்பாய் முன்னுக்கு மட்டுமே போகும். அது விட்டுப்போன கட்டத்துக்கு மறுபடி காவல் கிடையாது.

இனி இடத்தின் கதை. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் சின்ன வீட்டில் உறவினர் நிறைந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் பஸ் ஏறிவிட்டால் வீட்டுக்காரருக்கு எவ்வளவு ஆறுதல்! நெருக்கடியில் இருப்பவர் காய்களை மாற்ற விரும்புவதும் இதே காரணத்தால்தான். ஆகவே இடம் கூடுதலாக உள்ளவர் மாற்றத்தைத் தவிர்க்க வேண்டும்.

1974 இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில், அனத்தோலி கார்ப்போவ் மேற்கு ஜேர்மனியின் வொல்ப்காங் உன்சிக்கரை எதிர்த்து ஆடிய ஆட்டம் இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏ வரிசை திறந்திருந்தது. கோட்டைகள் அங்கே மாறிவிட்டால் நெருக்கத்தில் இருந்த கறுப்புக்கு மூச்சு வந்திருக்கும். கார்ப்போவ் தன் 24 ஆவது நகர்த்தலில் மந்திரியை ஏ7 இல் வைத்து, அந்த வரிசையைத் தானே அடைத்தார். மந்திரி அங்கே என்ன செய்கிறது என்று முதலில் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. அது ஒரு படலையைப் போல நிற்கிறது. படலைக்குப் பின்னால் அவர் தன் கோட்டைகளை ஆறுதலாக அடுக்கலாம், விரும்பிய நேரத்தில் திறக்கலாம், கறுப்பால் மட்டும் திறக்க முடியாது. அந்த அவகாசத்தில் அவர் அரசன் பக்கத்தில் முன்னேறி வென்றார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காட்டுகிறேன். 1953 இல் சூரிச்சில் சாமுவேல் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக, பின்னர் 1963 இல் உலக வாகையரான திக்ரான் பெத்ரோசியான் கறுப்புக் காய்களுடன் 25 ஆவது நகர்த்தலில் கோட்டையை ஈ6 இல் வைத்தார். வெள்ளை மந்திரி அதை வெட்டலாம். வெட்டினால், புள்ளிக் கணக்கில் கூடிய கோட்டைக்குப் பதிலாகக் கறுப்புக்குக் கிடைப்பது வெறும் மந்திரிதான். ஆனால் பெத்ரோசியானின் குதிரை ஈ7 வழியாக டி5 க்கு வந்துவிட்டால், டி4, ஈ5 இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய்கள் அசைய முடியாமல் உறைந்துவிடும். ரெஷெவ்ஸ்கி உடனே வெட்டவில்லை. ஒரு நகர்த்தல் கழித்து வெட்டினார். குதிரை டி5 இல் வந்து அமர்ந்தது, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. என் ஆட்டத்தில் ஈ4 இல் வந்து இருந்த குதிரையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இப்படியான ஒரு பழைய ஆட்டத்தை எடுத்து, நகர்த்தல்களைக் கடதாசியால் மறைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ‘இதனால் யாருடைய சோம்பேறிக் காய் தப்புகிறது?’ என்ற கேள்விக்குக் கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். அதன் பிறகே கணினியைப் போடுங்கள். அது வெள்ளைக்குக் கொஞ்சம் மேல் என்று எண்ணால் சொல்லும். ஏன் என்பதை உங்கள் இரண்டு வரிதான் சொல்ல வேண்டும்.

சரி, என் ஆட்டத்துக்குத் திரும்புவோம். குதிரையால் வெட்டாமல் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தச் சி1 மந்திரியை டி2, ஈ1, எச்4 என்று மூன்று நகர்த்தல்களில் சுற்றி வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். எச்4 இல் இருந்து அது எஃப்6 குதிரையைப் பார்க்கிறது. ஈ4 க்குப் போகக்கூடிய ஒரே காய் அதுதான். அதை என் உதவாத மந்திரியால் வெட்டியிருந்தால், ஈ5 குதிரை என்னிடம், டி7 மந்திரி அவரிடம்.